தேர்தற்களமும் மனச்சாட்சியும்: அடிமை ஒழிப்பு வரலாறு கற்பிப்பவை

சீர்திருத்த நோக்குடன் அரசியலில் புதிதாகக் காலடி எடுத்துவைப்போர், வாக்குக் கேட்டுச் செல்லும்போது தம் கொள்கையைக் காத்துக்கொள்ள இயலுமா? இவ்வினாவை நம் சபைகளிலுள்ள இளைஞர் தம் போதகரிடம் கேட்கின்றனர். நாமோ பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றை அளித்து அவர்களை அனுப்பிவிடுகிறோம். அரசியல் அசுத்தமானது, விசுவாசி அதனின்று விலகியிருப்பதே நலம் என்பது ஒன்று. நோக்கம் நன்றாயிருந்தால் வழியைப்பற்றி மிகவும் ஆராய வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முதல் விடை பொதுவாழ்வை மனச்சாட்சியற்றோர் கையில் ஒப்படைக்கிறது. இரண்டாவது விடை, மனச்சாட்சியுள்ளவனையும் நாளடைவில் அவர்களுள் ஒருவனாக்கிவிடுகிறது.

இவ்விரு விடைகளையும் சோதித்துப்பார்ப்பதற்கு வரலாறு நமக்கு உதவுகிறது. பிரித்தானியாவில் 1787ஆம் ஆண்டுமுதல் 1838ஆம் ஆண்டுவரை நடைபெற்ற அடிமை ஒழிப்புப் போராட்டம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். அதில் ஈடுபட்டோர் பலர் நற்செய்தி எழுப்புதலால் தொடப்பட்டவர்கள். தம் உள்ளத்தை நாள்தோறும் ஆராய்ந்து நாட்குறிப்பு எழுதியவர்கள். அவர்கள் நின்ற தேர்தற்களமோ வெளிப்படையான இலஞ்சம் மலிந்தது. வில்லியம் வில்பர்போர்சின் பெயர் நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. ஆயினும் அவர் வாக்குக் கேட்டவர், தேர்தலுக்குச் செலவு செய்தவர், சமரசங்களுக்கு உடன்பட்டவர் என்பவை அங்கே சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாத அப்பகுதியே நம் வினாவுக்கு உரியது.

1. விலை கொடுத்துப் பெற்ற வெற்றி

வில்பர்போர்ஸ் 1759ஆம் ஆண்டு ஹல் என்னும் துறைமுக நகரில், செல்வமிக்க வணிகக் குடும்பத்தில் பிறந்தார். 1780ஆம் ஆண்டு செப்டம்பரில், தமது இருபத்தோராம் வயதில், அந்நகரின் சார்பில் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அவர் பெற்ற வாக்குகள் 1,126. எதிர்த்து நின்ற இருவரும் சேர்ந்து பெற்றவையும் 1,126. புதியவர் ஒருவருக்கு இது வியக்கத்தக்க வெற்றி எனலாம்.

ஆனால் அவ்வெற்றியின் பின்னணி வேறு. அந்நகரில் ஒரு வாக்குக்கு இரண்டு கினி கொடுப்பது வழக்கம். இலண்டனில் வாழ்ந்துவந்த ஹல் வாக்காளரை ஊருக்கு அழைத்துவரத் தலைக்குப் பத்துப் பவுண்டு வழிச்செலவு கொடுக்கப்பட்டது. அவரது பிறந்தநாளன்று முழு மாடு ஒன்று வாட்டப்பட்டு ஊராருக்கு விருந்தளிக்கப்பட்டது. தேர்தலுக்கான மொத்தச் செலவு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் பவுண்டு வரை ஆயிற்று. அவருக்கு அப்போது தனியான கொள்கை ஏதும் இருந்ததாகக் கூற இயலாது. ஆகவே கொள்கையை இழந்தார் என்றும் கூற இயலாது. அவர் காலத்துச் செல்வர் பலர் செய்ததையே அவரும் செய்தார். இத்தொடக்கத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நலம். இருபத்தேழு ஆண்டுகளுக்குப்பின் நடைபெற்ற மற்றொரு தேர்தலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

2. ஒரு குருவானவரின் ஆலோசனை

1784ஆம் ஆண்டில் வில்பர்போர்ஸ் யார்க்ஷயர் என்னும் பெரிய மாவட்டத்தின் உறுப்பினரானார். பிரதம அமைச்சர் வில்லியம் பிட் அவரது நெருங்கிய நண்பர். இந்நிலையில் 1785ஆம் ஆண்டில் அவர் உள்ளத்தில் ஆழ்ந்த மனமாற்றம் ஏற்பட்டது. ஐசக் மில்னருடன் ஐரோப்பாவில் பயணம் செய்கையில் பிலிப் டாட்ரிட்ஜின் நூலையும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டையும் வாசித்ததன் பயன் இது. உடனே எழுந்த கேள்வி, இனிப் பாராளுமன்றத்தில் இருப்பது தகுமா என்பதே.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் அவர் இலண்டனில் ஊழியம் செய்துவந்த ஜான் நியூட்டனை இரகசியமாகச் சந்தித்தார். வீட்டுக்குள் நுழையத் துணிவின்றி அச்சதுக்கத்தைச் சுற்றி நடந்த பின்னரே கதவைத் தட்டினார் என்று அறிகிறோம். நியூட்டன் ஒருகாலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்தவர். அவர் இவ்விளைஞரைக் குருத்துவ ஊழியத்துக்கு அழைக்கவில்லை. உலகைவிட்டு விலகும்படியும் கூறவில்லை. இருக்கும் இடத்திலேயே இருந்து இறைவனுக்கும் நாட்டுக்கும் பணிசெய்யும்படி அறிவுறுத்தினார்.

அத்துடன் அவர் கடமை முடிந்துவிடவில்லை. அதன்பின்னும் அவர் வில்பர்போர்சுக்குக் கடிதங்கள் எழுதிவந்தார். 1788இல் தமது பழைய தொழிலின் கொடுமைகளை வெளிப்படையாக எழுதி அச்சிட்டார். அடிமை வணிகத்தைப்பற்றிய விசாரணையிலும் சாட்சியமளித்தார். அரசியலுக்கு அனுப்பிய விசுவாசியோடு தாமும் துணைநின்ற போதகரை இங்கே காண்கிறோம். தாவீதின் அரண்மனையைவிட்டு நாத்தான் விலகவில்லை. அங்கே இருந்ததனாலேயே அவனைக் கடிந்துகொள்ளவும் முடிந்தது.

3. எதைக் கேட்பது?

1787ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இலண்டனில் பன்னிருவர் கூடி அடிமை வணிக ஒழிப்புக் குழுவை அமைத்தனர். அவருள் ஒன்பதின்மர் குவேக்கர் சபையினர். முதற்கட்டத்திலேயே அவர்கள் ஒரு கடினமான முடிவை எடுக்க நேர்ந்தது. அடிமைத்தனம் முழுவதையும் எதிர்ப்பதா, அல்லது ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரைப் பிடித்துச்சென்று விற்கும் வணிகத்தை மட்டும் எதிர்ப்பதா? வணிகத்தைத் தடுக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளின் உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிட்டால் அங்குள்ள சட்டமன்றங்கள் எதிர்த்தெழும். புதிய அடிமைகள் வருவது நின்றால், இருப்போரை உடைமையாளர் பேணி நடத்த வேண்டியிருக்கும் என்றும் கருதினர். ஆகவே வணிகத்தை மட்டும் எதிர்ப்பது என்று முடிவாயிற்று. கிரான்வில் ஷார்ப் இதற்கு உடன்படவில்லை. அடிமைத்தனமே பாவம், அதையே எதிர்க்கவேண்டும் என்று வாதாடினார். இருப்பினும் பெரும்பான்மையோரின் முடிவை ஏற்று, அக்குழுவிலேயே தொடர்ந்து உழைத்தார்.

இம்முடிவு சரியா, தவறா? தாமஸ் கிளார்க்சன் துறைமுகந்தோறும் சென்று திரட்டிய சான்றுகளும், தாமே அடிமையாயிருந்து விடுதலைபெற்ற ஒலவுடா எக்குவியானோ 1789இல் வெளியிட்ட தன்வரலாறும் மக்கள் உள்ளத்தை அசைத்தன. குறிக்கோள் குறுகியதாயிருந்தமையால் பலர் ஒன்றுபட முடிந்தது என்பது உண்மையே. ஆயினும் ஏற்கெனவே தீவுகளில் அடிமைகளாயிருந்தோர் காத்திருக்க நேர்ந்தது. அந்த அறையில் கூடியிருந்த பன்னிருவருள் எவரும் அக்காத்திருத்தலின் சுமையைத் தம் உடலில் சுமக்கவில்லை. சமரசம் ஒன்றை எடைபோடும்போது நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதிலிருந்து எழுகிறது: அச்சமரசத்தின் விலையைச் செலுத்துவோர் யார்?

4. 'படிப்படியாக' என்னும் சொல்

1789ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வில்பர்போர்ஸ் இப்பொருளை முதன்முறையாகப் பாராளுமன்றத்தின் முன் கொண்டுவந்தார். 1791இல் வாக்கெடுப்பு நடந்தபோது 88 பேர் ஆதரித்தனர். 163 பேர் எதிர்த்தனர். மறு ஆண்டு நாடெங்குமிருந்து 519 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அடிமைகள் விளைத்த சர்க்கரையைப் பல்லாயிரம் குடும்பங்கள் தம் மேசையினின்று விலக்கிவைத்தன. இனி இப்பொருளை வெளிப்படையாக நிராகரிக்க இயலாது என்பதை எதிர்த்தரப்பினர் உணர்ந்தனர்.

அப்போது அமைச்சர் ஹென்றி டண்டாஸ் எழுந்து, ஒழிப்பைத் தாமும் விரும்புவதாகவும், அது 'படிப்படியாக' நடைபெறவேண்டும் எனவும் கூறித் திருத்தம் ஒன்றை முன்மொழிந்தார். பிட், பாக்ஸ் ஆகிய இருவரும் அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசியும், 230க்கு 85 என்னும் வாக்குகளால் திருத்தப்பட்ட தீர்மானம் நிறைவேறியது. கொள்கையளவில் எல்லோரும் ஒழிப்பை ஏற்றுக்கொண்டார்கள். நடைமுறையில் எதுவும் நிகழவில்லை. பிரபுக்கள் அவை காலம் தாழ்த்தியது. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டது. 1796இல் நான்கு வாக்குகளால் மசோதா தோற்றது. ஆதரவாளர் சிலர் அன்றிரவு அவைக்கு வராமல் இசைநாடகம் ஒன்றைக் காணச் சென்றிருந்தனர். இப்பதினைந்து ஆண்டுகளில் பல இலட்சம் மக்கள் பிரித்தானியக் கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடக்கும்படி செய்யப்பட்டனர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கொள்கைக்கு நேர்ந்த இப்பெரிய தோல்வியில் இலஞ்சத்துக்கோ பொய்க்கோ பெரிய பங்கில்லை. நிதானமும் மரியாதையும் நிறைந்த ஒரு சொல்லே அதைச் செய்து முடித்தது. சமரசத்தின் விலை முழுவதும், அவ்வவையில் குரலற்றவர்கள்மீது சுமத்தப்பட்டது.

5. மௌனம் பொய்யாகுமா?

1806ஆம் ஆண்டு நிகழ்ச்சி வேறுவகையானது. இறையியல் மாணவர் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. வில்பர்போர்சின் சகோதரியை மணந்த ஜேம்ஸ் ஸ்டீபன், கடற்சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞர். பிரித்தானியக் கப்பல்கள் அந்நிய நாடுகளின் குடியேற்றங்களுக்கு அடிமைகளைக் கொண்டுசெல்வதால் பகைவர் நன்மை அடைகின்றனர் என்று அவர் காட்டினார். அதைத் தடுக்கும் மசோதா போர்க்கால நடவடிக்கையாக அரசாங்கத்தின் சார்பில் கொண்டுவரப்பட்டது. மசோதாவைக்கொண்டு எதிர்த்தரப்பினர் விழிப்படையாதிருக்கும் பொருட்டு, வில்பர்போர்ஸ் பின்னணியிலேயே இருந்தார். சட்டம் நிறைவேறியது, அடிமை வணிகத்தின் பெரும்பகுதி அதனால் முடங்கியது. மறு ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், முழுமையான ஒழிப்பு மசோதா 283க்கு 16 என்னும் வாக்குகளால் மக்கள் அவையில் வெற்றிபெற்றது. மார்ச் 25ஆம் நாள் அரசரின் ஒப்புதல் கிடைத்தது.

சர்ப்பத்தின் விவேகத்தையும் புறாவின் கபடின்மையையும் நம் ஆண்டவர் மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் சேர்த்தே கட்டளையிட்டார். இவ்விரண்டும் இங்கே சேர்ந்திருந்தனவா? மசோதாவில் எழுதப்பட்டிருந்தவை உண்மைகளே; அதன் ஆதரவாளர் தாம் நம்பாத எதையும் அதில் எழுதவில்லை. ஆனால் தம் நோக்கம் முழுவதையும் அவர்கள் அறிவிக்கவுமில்லை. அவர்களது மௌனம் சற்றும் குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியேன். எனினும் முன்பு எழுப்பிய அதே கேள்வியை இங்கும் எழுப்பினால், 1792க்கும் 1806க்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். முன்னதில், எல்லாவற்றையும் அறிக்கையிட்டு அடிமையின் தலையில் பாரத்தை வைத்தார்கள். பின்னதில், சிலவற்றைச் சொல்லாமல்விட்டு அடிமையின் பாரத்தைக் குறைத்தார்கள். இழப்பு அடிமை வணிகருடையது. அரசியலில் விவேகமும் வஞ்சகமும் வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய, இழப்பு எவர்மீது விழுகிறது என்று பார்ப்பது ஒரு வழி.

6. யார்க்ஷயர் தேர்தல், 1807

அச்சட்டம் நிறைவேறிச் சில வாரங்களுக்குள் பொதுத்தேர்தல் வந்தது. யார்க்ஷயரின் இரண்டு இடங்களுக்கு மூவர் போட்டியிட்டனர். ஒருவர் மில்டன் பிரபு, பெருஞ்செல்வக் குடும்பத்தினர். மற்றொருவர் ஹென்றி லாசல்ஸ். மேற்கிந்தியத் தோட்டங்களால் செல்வமடைந்த குடும்பத்தினர். மூன்றாமவர் வில்பர்போர்ஸ். அக்காலத்தில் இரகசிய வாக்களிப்பு கிடையாது. யார்க் நகரக் கோட்டை வளாகத்துக்கு வந்து, வெளிப்படையாகப் பெயர் சொல்லி வாக்களிக்கவேண்டும். வாக்குப்பதிவு பதினைந்து நாள் நீடித்தது. எதிரணியினர் வண்டிகளையும் விடுதிகளையும் முன்கூட்டியே வாடகைக்கு அமர்த்திவிட்டனர். இருவரும் ஆளுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் பவுண்டு செலவழித்ததாகக் கணக்கிடப்படுகிறது.

வில்பர்போர்சின் செலவு சுமார் 28,000 பவுண்டு. அதுவும் அவரது கைப்பணமன்று. நாடெங்குமிருந்து ஆதரவாளர் மனமுவந்து அளித்த நன்கொடை. அதற்காகத் திரண்ட தொகை தேவைக்கு மிகுந்திருந்தமையால், பெரும்பகுதி கொடுத்தோருக்கே திருப்பித்தரப்பட்டது. வாக்காளர் பலர் தம் சொந்தச் செலவில் ஆற்றில் படகேறியும், பண்ணை வண்டிகளிலும், கால்நடையாகவும் யார்க் வந்து சேர்ந்தனர். லாசல்சுடன் அவர் இரகசிய உடன்பாடு செய்துகொண்டார் என்ற வதந்தியும் பரப்பப்பட்டு, அதனால் அவர் சில வாக்குகளை இழந்தார். முடிவில் 11,800க்கும் மேற்பட்ட வாக்குகளோடு அவரே முதலிடம் பெற்றார். லாசல்ஸ் தோற்றார்.

ஹல் நகரில் 1780இல் வேட்பாளர் வாக்காளருக்குப் பணம் கொடுத்தார். யார்க்ஷயரில் 1807இல் ஆதரவாளர் வேட்பாளருக்குப் பணம் கொடுத்தனர். மனிதர் அவரேதான், தேர்தல் முறையும் மாறவில்லை. மாறியது செலவைச் சுமந்த கை. பல ஆண்டுகளாக அவரோடு கிளாப்பம் வட்டத்தில் ஜெபித்து, கணக்குப்பார்த்து, அவரைக் கண்டித்துவந்த ஓர் ஐக்கியமும், அதற்கப்பால் விண்ணப்பங்களில் கையொப்பமிட்ட மக்கள் கூட்டமும் இம்மாற்றத்தை இயலச்செய்தன. தேர்தற் செலவை எவர் சுமக்கிறாரோ அவருக்கே வெற்றிபெற்றவர் கடன்பட்டிருப்பார் என்பது அரசியலின் மாறாத விதி. ஆகவே கொள்கையைக் காக்க விரும்பும் புதியவர், யாருக்குக் கடன்படுகிறோம் என்பதைத் தேர்தலுக்கு முன்பே தீர்மானித்துவிடவேண்டும்.

7. வாக்கற்றோர் காத்த கொள்கை

இத்துடன் கதையை முடித்துவிட்டால் அது புனிதர் வரலாறாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. 1799இல் தொழிலாளர் சங்கங்களைத் தடைசெய்யும் சட்டத்துக்கு வித்திட்டவருள் வில்பர்போர்சும் ஒருவர். தூரத்து அடிமைக்காக இரங்கிய அவர், அருகிலிருந்த நெசவாளியின் குரலை அஞ்சினார் என்னும் குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. அதை மறுப்பது கடினம். 1812இல் உடல்நலம் குன்றியமையால் யார்க்ஷயரை விட்டு, உறவினர் ஒருவரின் செல்வாக்குக்குட்பட்ட பிராம்பர் என்னும் சிறு தொகுதியின் உறுப்பினரானார். அங்கே சில பத்து வாக்காளரே இருந்தனர். பல்லாயிரவருக்கு விடையளிக்கும் பொறுப்பு அதோடு நீங்கியது.

1823இல் அடிமைத்தனத்தையே ஒழிப்பதற்கென ஒரு புதிய சங்கம் நிறுவப்பட்டது. அதன் பெயரிலேயே 'படிப்படியான ஒழிப்பு' என்னும் சொற்கள் இடம்பெற்றன. 1792இல் எதிரியின் ஆயுதமாயிருந்த சொல்லை இப்போது நண்பர்களே தம் பலகையில் எழுதிக்கொண்டனர். வில்பர்போர்சும், அவருக்குப்பின் பாராளுமன்றத்தில் தலைமையேற்ற தாமஸ் பவெல் பக்ஸ்டனும் அச்சங்கத்தில் இருந்தனர்.

இச்சொல்லை எதிர்த்தவர் எலிசபெத் ஹெய்ரிக் என்னும் பெண்மணி. உடனடி விடுதலையே வேண்டும் என்று 1824இல் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அக்காலத்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது. பெண்கள் சங்கம் அமைத்து வீடுவீடாகச் செல்வதை வில்பர்போர்ஸ் விரும்பவுமில்லை. ஆயினும் பெண்கள் சங்கங்கள் பெருகின. அவர்கள் திரட்டிய பணமே தலைமைச் சங்கத்தின் வருவாயில் கணிசமான பகுதியாயிற்று. 1830இல், 'படிப்படியாக' என்னும் சொல்லை நீக்காவிட்டால் பணம் அனுப்புவதில்லை எனப் பர்மிங்காம் பெண்கள் அறிவித்தனர். அவ்வாண்டே அச்சொல் நீக்கப்பட்டது. வாக்குக் கேட்டுச் சென்ற ஆண்கள் மறந்த கொள்கையை, வாக்கே இல்லாத பெண்கள் நினைவூட்டினர்.

அடிமைகளும் காத்திருக்கவில்லை. 1831ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஜமைக்காவில், பாப்திஸ்து சபையின் உதவிக்காரரும் அடிமையுமான சாமுவேல் ஷார்ப் என்பவர், கூலியின்றி இனி உழைப்பதில்லை என்னும் வேலைநிறுத்தத்துக்கு ஏற்பாடு செய்தார். அது கலகமாக மூண்டு, கொடுமையாக அடக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1832 மே 23ஆம் நாள் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். மறுநாள் இலண்டனில், அச்செய்தி எட்டாத நிலையில், பக்ஸ்டன் அடிமை ஒழிப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதைத் திரும்பப்பெறும்படி நண்பர்களே அவரை மன்றாடினர். அவர் மறுத்து வாக்கெடுப்பை வற்புறுத்தினார், தோற்றார். எனினும் அவ்வாண்டு இறுதியில் நடந்த பொதுத்தேர்தலில், உடனடி ஒழிப்புக்கு வாக்குறுதி அளிக்கும்படி வேட்பாளர் ஒவ்வொருவரையும் ஒழிப்பு இயக்கத்தினர் நெருக்கினர். ஜமைக்காவிலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் நிப் நாடெங்கும் பேசினார்.

8. 1833: வெற்றியும் அதன் விலையும்

1833 ஜூலை 26ஆம் நாள் ஒழிப்பு மசோதா நிறைவேறுவது உறுதியாயிற்று. மூன்று நாட்களுக்குப்பின் வில்பர்போர்ஸ் மரித்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் அது சட்டமாயிற்று. ஏறக்குறைய எட்டு இலட்சம் மக்கள் அதனால் விடுதலைக்கு உரியவராயினர்.

ஆனால் அவ்வெற்றிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவற்றையும் நாம் எண்ண வேண்டும். உடைமையாளருக்கு இருபது மில்லியன் பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. அதற்காக வாங்கிய கடனின் எச்சம் 2015ஆம் ஆண்டில்தான் தீர்க்கப்பட்டது. அடிமைகளுக்கோ ஒரு காசும் வழங்கப்படவில்லை. மாறாக, 'பயிற்சிக்காலம்' என்னும் பெயரில் பழைய எசமானரிடமே மேலும் சில ஆண்டுகள் கூலியின்றி உழைக்கும்படி விதிக்கப்பட்டது. மக்கள் மீண்டும் கிளர்ந்தமையால் அது 1838இல் நீக்கப்பட்டது.

மேலும், அச்சட்டத்தின் எல்லைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகள் அடங்கவில்லை; இலங்கையும் அடங்கவில்லை. தமிழ் நாட்டின் வயல்களில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பண்ணையடிமைகளை அந்த விடுதலை எட்டவில்லை. இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் சட்டம் 1843இல்தான் வந்தது. இதற்கிடையே, விடுதலைபெற்றோரின் இடத்தை நிரப்ப 1834முதல் மொரீசியஸ் தீவுக்கும், 1860முதல் நேட்டாலுக்கும், பிற இடங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவருள் நம் முன்னோர் பலர் இருந்தனர். இலண்டனில் செய்யப்பட்ட சமரசத்தின் விலையில் ஒரு பகுதியைச் சென்னைத் துறைமுகத்தில் நின்றவர்கள் செலுத்தினர் என்பது மிகையன்று.

பக்ஸ்டனைப்பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். 1837ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பு, வேமத் தொகுதியில் மதுக்கடைகளைத் திறந்துவைத்து வாக்காளருக்குக் 'கடன்' கொடுக்கவேண்டும் என்று அவருக்கு அறிவிக்கப்பட்டது. கடன் என்பது இலஞ்சத்தின் மறுபெயர். அவர் மறுத்தார், பத்தொன்பது ஆண்டுகள் வகித்த இடத்தை இழந்தார். இங்கே சமரசத்தை மறுத்ததன் விலையை அவரே செலுத்தினார். கொள்கையைக் காத்தவர் தோற்கவும் கூடும் என்பதை நம் இளைஞருக்கு மறைக்காமல் சொல்வது நம் கடமை.

9. நமக்குரிய பாடங்கள்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வரலாறு அளிக்கும் விடையை மூன்றாகச் சுருக்கலாம்.

முதலாவது, தேர்தற்களத்தில் சமரசமே செய்யாதவர் எவருமில்லை. ஆகவே சமரசம் செய்தாரா என்று கேட்டு ஒருவரைத் தீர்ப்பது பயனற்றது. அச்சமரசத்தின் விலையை அவர் தாமே ஏற்றாரா, வலியவர்மீது வைத்தாரா, அல்லது எவருக்காகப் பேசுகிறாரோ அந்த எளியவர்மீதே சுமத்தினாரா என்று கேட்பதே நேர்மையான சோதனை. கோபுரம் கட்டுமுன் செல்லுஞ்செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவர் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் போதித்தார். பிறர் உயிரைச் செலவாக எழுதிக்கொள்ளும் கணக்கை அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

இரண்டாவது, கொள்கை தனிமனிதரின் நெஞ்சுறுதியால் மட்டும் காக்கப்படுவதில்லை. வில்பர்போர்ஸ் தனித்து நின்றிருந்தால் ஹல் நகர வேட்பாளராகவே இருந்திருப்பார். நியூட்டனின் ஆலோசனை, கிளாப்பம் நண்பரின் கண்டிப்பு, நன்கொடையாளரின் காணிக்கை, பர்மிங்காம் பெண்களின் பிடிவாதம், சாமுவேல் ஷார்ப்பின் மரணம் ஆகிய இவையனைத்தும் சேர்ந்தே அக்கொள்கையைக் கரைசேர்த்தன. அவற்றுள்ளும், எவருடைய விடுதலைக்காகப் போராட்டம் நடந்ததோ அவர்களுடைய குரல் அவைக்குள் எட்டியபோதுதான் 'படிப்படியாக' என்னும் சொல் வீழ்ந்தது.

மூன்றாவது, போதகரின் இடம் எதுவென்று இது காட்டுகிறது. மேடையேறி வேட்பாளருக்கு ஆசிகூறுவதும், சபையின் வாக்குகளை மொத்தமாகப் பேசி முடிப்பதும் அவருடைய வேலையல்ல. அரசியலுக்குச் செல்லும் விசுவாசியை வழியனுப்பிவிட்டு மறப்பதும் அவருக்குத் தகாது. செலவுக்கணக்கைக் கேட்கவும், வாக்குறுதியை நினைவூட்டவும், தோற்றவரை வீட்டுக்குச் சென்று சந்திக்கவும் அவர் கடமைப்பட்டவர். இறுதியாகச் சொன்னது மிக அவசியம்; கொள்கைக்காகத் தோற்ற ஒருவரைச் சபை மறந்துவிடுமாயின், அடுத்தவர் எவரும் அவ்வழியில் செல்லத் துணியார்.

இவற்றைச் சட்டமன்றத்துக்கு மட்டும் உரியனவாக நாம் எண்ணலாகாது. நம் சபைக் குழுக்களுக்கும் திருமண்டலப் பெருமன்றங்களுக்கும் நடைபெறும் தேர்தல்களில் விருந்தும் பணமும் சாதிக் கணக்கும் எவ்வளவு தூரம் நுழைந்துள்ளன என்பதை இவ்விதழை வாசிப்போர் அறிவர். அங்கேயும் சீர்திருத்தம் பேசிப் புதிதாக நிற்கும் இளைஞர் இருக்கின்றனர். அவர்கள் செலவை யார் சுமக்கிறார்? அவர்களிடம் கணக்குக் கேட்கும் ஐக்கியம் எது? வாக்குரிமையற்ற சபையோரின் குரல் அவர்களை எட்டுகிறதா? அடுத்த தேர்தலுக்கான வேட்புமனுக்கள் வருமுன், இம்மூன்று கேள்விகளையும் நம் சபைகளில் வெளிப்படையாக வைத்துப் பேசுவோமாக.